பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் எரிமலை ஒருநாள் நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் தென்கிழக்கில் இருக்கும் பித்தோன் தெ லா ஃபுர்னேஸ், உலகில் அடிக்கடி சீறும் எரிமலைகளில் ஒன்று. ஆனால் பெரும்பாலான நாட்களில் அது நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய மலை. சென்-பியேர், சென்-அந்த்ரே பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும், பாரிஸிலிருந்தும் மொரிஷியஸிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் உறவினர்களும் நடைக்கு முன் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

எங்கிருந்து எங்கே நடக்கிறோம்? எவ்வளவு நேரம் ஆகும்?

தொடங்குவது பா தெ பெல்கோம்பில், கடல்மட்டத்திலிருந்து 2,311 மீட்டர் உயரத்தில். அங்கே ஒரு செங்குத்துப் பாறைச்சுவரின் விளிம்பில் நிற்பீர்கள். கீழே கருஞ்சமவெளி விரிந்து கிடக்கும். அதன் பெயர் ஆன்க்லோ ஃபூக்கே. எரிமலையின் பழைய தலை இடிந்து அமிழ்ந்ததால் உண்டான பெரும்பள்ளம் அது. அதன் நடுவில் எழுந்து நிற்கும் கூம்புதான் இன்றைய எரிமலை. உச்சி 2,632 மீட்டர்.

சுவரில் அமைத்த படிகளில் சுமார் 150 மீட்டர் கீழே இறங்கி, சமவெளியைக் கடந்து, கூம்பின் சரிவில் ஏறி, தொலொமியே பெருவாயின் விளிம்பிலுள்ள பார்வைத்தளம் வரை போய், அதே வழியில் திரும்புகிறோம். போகவர 12 அல்லது 13 கிலோமீட்டர். நிற்பதையும் சாப்பிடுவதையும் சேர்த்து 5 முதல் 6 மணி நேரம். மொத்த ஏற்றம் 500 மீட்டரைச் சற்றுத் தாண்டும். இதில் பலர் கணக்கில் சேர்க்க மறப்பது கடைசி 150 மீட்டரை. காலையில் சிரித்துக்கொண்டே இறங்கிய அதே படிகளில் மதியம் களைத்த காலோடு ஏறியாக வேண்டும். கால் பிசகுவதும் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவதும் பெரும்பாலும் அந்தப் படிகளில்தான்.

எரிமலை திடீரென்று வெடித்தால் என்ன செய்வது?

முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஆனால் இந்த மலையில் நீங்கள் பயப்பட வேண்டிய பட்டியலில் இது கடைசியில் வரும்.

இது ஹவாய்த் தீவு எரிமலைகளின் வகை. உள்ளிருந்து வரும் எரிமலைக் குழம்பு நீர்த்தது, வாயு எளிதில் வெளியேறும். அதனால் மலை வெடித்துச் சிதறுவது அரிது. தரையில் ஒரு பிளவு திறந்து, அதிலிருந்து தீ ஊற்றுகள் எழுந்து, குழம்பு ஆறாக ஓடும். அதற்கு முன் மலை தெளிவாகவே அறிவித்துவிடும். மலைக்குள் குழம்பு ஏறும்போது தரை சில மில்லிமீட்டர் முதல் சென்டிமீட்டர் வரை வீங்கும், சிறு நிலநடுக்கங்கள் கூட்டமாக வரும். மலைக்குப் போகும் சாலையிலுள்ள பூர்-முரா ஊரில் 1979 முதல் இயங்கும் எரிமலைக் கண்காணிப்பகம் இவற்றை இரவும் பகலும் அளக்கிறது. அளவைகள் மாறியதும் மாவட்ட ஆட்சியகம் ஆன்க்லோவை மூடிவிடும்.

1977-இல் குழம்பு ஆன்க்லோவுக்கு வெளியே புறப்பட்டு பித்தோன் செந்த்-ரோஸ் ஊருக்குள் நுழைந்து, தேவாலயத்தின் வாசலைச் சுற்றிக்கொண்டு நின்றது. 1986-இல் சென்-ஃபிலிப் பக்கம் வெளியே வந்தது. இவை விதிவிலக்குகள். நூற்றுக்கு 95-க்கும் மேற்பட்ட சீற்றங்கள் ஆன்க்லோவுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. ஆனால் நீங்கள் நடக்கப்போவது அதற்குள்தான். ஆகவே மூடினால் மூடினதுதான்.

உள்ளே இருக்கும்போதே நிலநடுக்கக் கூட்டம் தொடங்கினால் வழிகாட்டிக்குத் தகவல் வரும், ஹெலிகாப்டரும் மேலே சுற்றி அறிவிக்கும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: வந்த பாதையிலேயே பெல்கோம்புக்குத் திரும்புவது. குறுக்குவழி தேடக்கூடாது, “இன்னும் ஒரே ஒரு படம்” என்று நிற்கவும் கூடாது.

பிறகு எதற்குத்தான் பயப்பட வேண்டும்?

மேகத்துக்கு. அதோடு வரும் குளிருக்கும்.

ஆன்க்லோவில் மரமில்லை, வீடில்லை, ஒதுங்க ஒரு கூரையில்லை. கடலிலிருந்து எழும் ஈரக்காற்று காலை 9, 10 மணிவாக்கில் கிழக்குச் சரிவில் ஏறத் தொடங்கும். கால் மணி நேரத்தில் கண்ணெதிரே இருந்த மலை காணாமல் போகும். எல்லாத் திசையும் ஒரே கருப்பு, ஒரே வெண்மை. காற்றும் தூறலும் சேர்ந்தால் 8 டிகிரி வெப்பநிலைகூட நனைந்த உடம்பைச் சுருட்டிவிடும். வெப்ப மண்டலத் தீவில் குளிரில் விறைத்துச் சாவதா என்று நம்ப மறுப்பவர்கள் உண்டு. இங்கே வழி தவறியவர்கள் அப்படித்தான் இறந்திருக்கிறார்கள். 2021 ஏப்ரலில், சீற்றம் நடந்துகொண்டிருந்தபோது, ஆன்க்லோவுக்குள் 2 மாணவர்கள் உயிரிழந்தார்கள்.

அப்படியானால் மூடுபனி சூழ்ந்தால் என்ன செய்ய வேண்டும்?

பாதை முழுவதும் பாறையில் வெள்ளைப் பெயின்ட் குறிகள் இருக்கும். தெளிவான நாளில் யாரும் அவற்றைக் கவனிப்பதில்லை. பனி வந்ததும் அவைதான் உயிர். விதி எளிது: அடுத்த குறி கண்ணில் படாமல் இப்போதைய குறியை விட்டு நகரக்கூடாது. ஒருவர் குறியின்மேல் நிற்க, இன்னொருவர் குரல் எட்டும் தூரத்துக்குள் மட்டும் போய் அடுத்ததைத் தேட வேண்டும். கிடைத்ததும் கூப்பிட வேண்டும், கிடைக்காவிட்டால் குரலைப் பிடித்துக்கொண்டே திரும்ப வேண்டும். இருவராக வந்தால் இது நடக்கும். தனியாள் செய்ய முடியாது. தனியே போகாதீர்கள் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை: பழைய பாதைகளின் மங்கிய குறிகள் சில இடங்களில் இன்னும் தென்படும். பளிச்சென்ற புதிய குறிகளையே தொடருங்கள். திசைகாட்டியை மட்டும் நம்பினால் ஏமாற்றும். எரிமலைப் பாறையில் காந்தத் தாது இருப்பதால், பாறையருகே வைத்தால் முள் விலகும். கைப்பேசியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும் என்பதால் போனைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். ஆபத்தில் அழைக்க வேண்டிய எண் 112. மலை மீட்புக்கு வருவது பிரெஞ்சு ராணுவக் காவல்துறையான ஜாந்தார்மெரியின் உயர்மலைப் பிரிவு. ஹெலிகாப்டரில்தான் வருவார்கள், ஆனால் மேகத்துக்குள் ஹெலிகாப்டர் இறங்க முடியாது. பனி கலையும்வரை நீங்கள் தாக்குப்பிடிக்க வேண்டும்.

இதற்காகவா விடியுமுன் கிளம்பச் சொல்கிறீர்கள்?

ஆம். ஜூன், ஜூலையில் சூரியன் 7 மணிக்குச் சற்று முன்னும், டிசம்பரில் ஐந்தரை வாக்கிலும் உதிக்கும். வெளிச்சம் வந்தவுடன் படியில் கால் வைக்க வேண்டும் என்பது கணக்கு. சென்-பியேரிலிருந்து கார் ஒன்றரை மணி நேரம் எடுக்கும், சென்-தெனியிலிருந்து இரண்டரை. ஆகவே தெற்கிலிருந்து வருபவர்கள் அதிகாலை நாலரைக்கும், தலைநகரிலிருந்து வருபவர்கள் மூன்றரைக்கும் வண்டியெடுக்க வேண்டியிருக்கும். அது கஷ்டமென்றால் முந்தின இரவே பூர்-முராவிலோ பெல்கோம்ப் அருகிலுள்ள மலைவிடுதியிலோ தங்குங்கள். விடுதிக்கு வாரக்கணக்கில் முன்பதிவு தேவைப்படும்.

விளிம்பை 10 மணிக்குள் எட்டிவிட வேண்டும். எட்ட முடியாது என்று பாதி வழியில் தெரிந்தால் திரும்பிவிடுங்கள். மேகம் வந்த பிறகு விளிம்பில் நின்றாலும் பள்ளத்தில் பால் நிரம்பியதுபோல் வெண்மைதான் தெரியும்.

வழிகாட்டி அவசியமா? பாதைதான் குறியிட்டிருக்கிறதே?

சட்டப்படி கட்டாயமில்லை. தீவுக்காரர்கள் பலர் தாங்களே போய்வருகிறார்கள். ஆனால் முதல்முறை வருபவர், குழந்தைகளோடு வருபவர், பிரெஞ்சு அறிவிப்புகளைப் படிக்க முடியாதவர் வழிகாட்டியோடு போவது நல்லது. அவருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி பாறைகளைப் பற்றிய விளக்கத்துக்கு என்றால், மறுபாதி “இன்றைக்கு இதோடு போதும், திரும்பலாம்” என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு. 3 மாதம் முன்பே டிக்கெட் எடுத்து வந்த உங்களுக்கு அதைச் சொல்ல மனம் வராது.

ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள். பிரான்சில் கூலிக்கு மலைநடை கூட்டிச்செல்ல அரசுப் பட்டயமும் தொழில் அட்டையும் வேண்டும். ரெயூனியனிலும் அதே சட்டம். அட்டையைக் காட்டச் சொல்வது அவமரியாதை இல்லை. கூடவே இவற்றையும் கேளுங்கள்: குழுவில் எத்தனை பேர், மூடுபனி என்றாலோ ஆன்க்லோ மூடினாலோ மாற்றுப்பாதை உண்டா, பணம் திரும்புமா, தலைக்கவசம், கைத்தடி யார் தருவது. தமிழ் பேசும் வழிகாட்டி கிடைப்பது அரிது. பிரெஞ்சும் தீவின் பேச்சுமொழியான கிரியோலும்தான் பெரும்பாலும். ஊர்க்காரத் தமிழ் உறவினர் ஒருவர் கூட வந்தால் கிரியோலிலிருந்து பாதியையாவது மொழிபெயர்த்துவிடுவார்.

பெல்கோம்பில் வாயிற்கதவு பூட்டியிருந்தால் நாள் வீணா?

இல்லை. படிகளின் தலையில் ஒரு கதவு இருக்கிறது. எச்சரிக்கைக் காலத்திலும், சீற்றம் முடிந்து பாதையைச் சோதிக்கும்வரையும் அது பூட்டியிருக்கும். ஏறிக் குதிப்பவர்களுக்கு அபராதம். பூட்டியிருக்கும்போது பாறைச்சுவரின் விளிம்பு வழியாகப் போகும் பாதைகள், அவை திறந்திருந்தால், நல்ல மாற்று. பித்தோன் தெ பெர் பக்கம் போகும் பாதையில் முழுக் கூம்பையும் எதிரே பார்த்தபடி நடக்கலாம். கிளம்பும் முந்தின மாலை ஆட்சியக அறிவிப்பையும் வானிலையையும் பார்த்துவிடுங்கள். எச்சரிக்கையின் படிகள் இவை: ‘விழிப்பு’ என்றால் திறந்திருக்கலாம், ஆனால் கட்டுப்பாடு இருக்கும். ‘எச்சரிக்கை 1’ என்றால் சீற்றம் நெருங்கலாம், உள்ளே நுழையத் தடை. ‘எச்சரிக்கை 2’ என்றால் சீற்றம் நடக்கிறது.

வழியில் என்னென்ன பார்ப்போம்?

படியிறங்கிச் சில நிமிடத்தில் வரும் சிவந்த சிறு குன்று ஃபோர்மிகா லியோ. 1753-இல் எழுந்த கசடுக் கூம்பு. பெயர் லத்தீனில் விநோதமாகத் தோன்றும், ஆனால் நமக்கு அந்நியமில்லை. மணலில் சுழிபோல் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்குமே குழியானை, அந்தப் பூச்சியின் பெயர்தான் அது. குன்றின் தலையிலுள்ள குழிகளைப் பார்த்தால் ஏன் அப்படி வைத்தார்கள் என்று புரியும். சிவப்புக்குக் காரணம் இரும்பு. சூடாக இருக்கும்போதே காற்றும் நீராவியும் பட்டுத் துருவேறிய கசடு அது. குன்றின்மேல் ஏறாமல், குறியிட்ட பாதையில் சுற்றிப் போங்கள். ஒவ்வொரு காலடியிலும் கசடு சரிகிறது.

அடுத்தது நீண்ட சமவெளி. இங்கேதான் இரண்டு வகைக் குழம்புப் பாறையையும் அருகருகே காணலாம். ஒன்று வழுவழுப்பாக, முறுக்கிய கயிற்றைப் பக்கம் பக்கமாக அடுக்கியதுபோல் இருக்கும். மேல்தோல் உறைந்த பிறகும் உள்ளே குழம்பு ஓடியதால் தோல் சுருங்கி மடிந்தது. நடக்கச் சுகமானது இதுதான். மற்றது கரடுமுரடான கூர்க்கற்களின் குவியல். ஓட்டத்தில் தோல் உடைந்து உடைந்து உருண்டது. இதைத் தீவில் ‘கிராத்தோன்’ என்பார்கள். பன்றித்தோலை வறுத்து மொறுமொறுவென்று எடுப்பதற்கும் கிரியோலில் அதே பெயர். பார்த்தால் ஒப்புமை சரி என்பீர்கள். விழுந்தால் கை கிழிவது இதில்தான்.

பாறையின் நிறமே வயதைச் சொல்லும். புதிய குழம்பு கன்னங்கரேலென்று, சில இடங்களில் வெள்ளிப் பளபளப்போடு இருக்கும். ஆண்டுகள் போகப்போக அதன்மேல் சாம்பல்வெள்ளைப் பாசிக்காளான் படர்ந்து, தூரத்திலிருந்து உறைபனி விழுந்ததுபோல் தெரியும். அதற்குப் பிறகுதான் வெடிப்புகளில் பெரணி முளைக்கும். ஒரே சமவெளியில் வெளிறிய நிலத்தின் நடுவே ஒரு கருநாக்கு நீண்டிருந்தால், அது பிந்திய சீற்றத்தின் தடம்.

சில பாறைகளில் பச்சை மணிகள் கடுகளவில் ஒட்டியிருக்கும். அது ஒலிவின். ஆழத்தில் முதலில் படிகமாகும் கனிமம். இந்த மலையின் சில குழம்புகள் அதைக் கைநிறைய வாரிக்கொண்டு வருகின்றன.

சமவெளி முடியும் இடத்தில் ஷாப்பெல் தெ ரோஸ்மோன். குழம்பு கொப்பளித்து உறைந்த உள்ளீடற்ற மேடு, முன்பக்கம் பிளந்து ஒரு சிறு குகைக்கோவில்போல் நிற்கும். வழிகாட்டிகள் இங்கேதான் வானத்தைப் பார்த்து முடிவெடுப்பார்கள். இதற்குப் பிறகு ஏற்றம். களைப்போ மேகமோ இருந்தால் இதுவே நல்ல திருப்புமுனை. பெல்கோம்பிலிருந்து இதுவரை வந்து திரும்பினாலே பாதி நாள் நல்ல நடைதான்.

விளிம்பில் தொலொமியே. 2007 ஏப்ரல் வரை அது ஆழமில்லாத பெருந்தட்டு. அந்த மாதம் கீழே கடலோரச் சரிவில் பிளவு திறந்து குழம்பு ஏராளமாக வடிந்தது, நெடுஞ்சாலையை அறுத்துக்கொண்டு கடலில் விழுந்தது. அடியில் தாங்கிநின்றது காலியானதும் உச்சியின் தரை சில நாட்களில் 300 மீட்டருக்கு மேல் இடிந்து இறங்கிற்று. சுமார் ஒரு கிலோமீட்டர் அகலப் பள்ளம். சுவரில் அடுக்கடுக்காகத் தெரியும் ஒவ்வொரு பட்டையும் ஒரு பழைய குழம்பு ஓட்டம். விளிம்புக்கு இணையாகத் தரையில் ஓடும் வெடிப்புகளைக் கவனியுங்கள். சுவர் இன்னும் உதிர்கிறது. தடுப்புக்கு அப்பால் ஓரடி வைத்தாலும் நீங்கள் நிற்பது பாறையில் இல்லை, தொங்கும் பலகையில். பக்கத்திலுள்ள போரி உச்சியைச் சுற்றும் பழைய பாதையும் அதனால்தான் மூடப்பட்டது.

எந்தக் காலணி?

கணுக்காலை மூடும், கெட்டியான அடியுள்ள நடைக்காலணி. ஓட்டக் காலணியோடு போகிறவர்கள் உண்டு, ஆனால் கூர்க்கல் அதன் பக்கத்துணியை ஒரே நாளில் கிழித்துவிடும். சாண்டல் கூடாது. இந்தத் தீவில் தீமிதித் திருவிழாவில் தழல் மிதிக்கும் கால்களுக்கும் இங்கே காலணி வேண்டும். தழல் சுடும், எரிமலைக் கண்ணாடியோ அறுக்கும். விரதமும் பயிற்சியும் அதற்குக் கைகொடுக்காது.

அதிகம் நடக்கும் விபத்து ஒன்றைச் சொல்ல வேண்டும்: பாதி வழியில் காலணியின் அடி கழன்று விழுவது. அலமாரியில் 5, 6 ஆண்டு சும்மா கிடந்த காலணிகளில்தான் இது நேரும். அடிப்பகுதியின் பாலியூரித்தேன் நுரை ஈரக்காற்றில் மெல்ல மெல்ல உளுத்துவிடுகிறது. கடலோர ஈரத்தில் இன்னும் வேகமாக. வெளியே பார்க்கப் புதிதுபோலவே இருக்கும். முந்தின வாரம் போட்டு ஒரு மணி நேரம் நடந்து, அடியை வளைத்து, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பொடி உதிர்ந்தால் தூக்கிப் போடுங்கள். பையில் 2 மீட்டர் துணிப்பசை நாடாவும் ஒரு ஜோடி உபரிக் கயிறும் இருந்தால் கழன்ற அடியைக் கட்டிக்கொண்டு திரும்பிவிடலாம்.

கைத்தடி கொண்டுவந்தால் முனை வெடிப்பில் மாட்டும். மாட்டினால் இழுக்காமல், நின்று நேராக மேலே தூக்குங்கள். மணிக்கட்டு வளையத்தைச் சரிவில் கழற்றிவிடுங்கள்.

உடை?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு 100 மீட்டர் ஏறும்போதும் சுமார் 0.6 டிகிரி குறையும். சென்-பியேரில் 26 என்றால் பெல்கோம்பில் 12. அது மதியக் கணக்கு. ஜூலை விடியலில் உறைபனியே விழும். பருத்தி பனியன், ஜீன்ஸ் இரண்டும் வேண்டாம். நனைந்தால் உலராமல் குளிரை உடம்போடு ஒட்டவைக்கும். உடம்போடு ஒட்டி ஒரு செயற்கை இழைச் சட்டை, அதன்மேல் ஒரு கம்பளி அல்லது ஃபிளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத மேலாடை. வெயில் நன்றாக அடிக்கும் காலையிலும் மூன்றாவதைக் காரில் விடாதீர்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சன்கிரீம். இந்த உயரத்தில் வெயில் சுடுவது தெரியாமலே தோல் உரியும், நம்முடைய நிறத்துக்கும் உரியும். மெல்லிய கையுறை குளிருக்கு மட்டுமில்லை, விழுந்து ஊன்றும் உள்ளங்கைக்கும்.

தண்ணீரும் சாப்பாடும்?

உள்ளே ஊற்றோ குழாயோ கடையோ இல்லை. ஆளுக்கு 2 லிட்டர், டிசம்பர் முதல் மார்ச் வரை 3 லிட்டர். கழிப்பறை பெல்கோம்ப் பார்க்கிங் பக்கம் மட்டும். பயன்படுத்திவிட்டுப் படியிறங்குங்கள்.

சாப்பாட்டில் நம் வீட்டுப் பழக்கமே இங்கு கைகொடுக்கும். புளிசாதம் மலைக்கென்றே செய்ததுபோன்ற சாப்பாடு: கெடாது, குளிர்ந்தாலும் இறங்கும், உப்பும் இருக்கிறது. எலுமிச்சை சாதமும் அப்படியே. ஊர்க்கடையில் வாங்குவதென்றால் நம் பருப்பு வடைக்குத் தீவு உறவினரான போன்போன் பிமான், சமோசா, அச்சார் வைத்த ரொட்டி. ஒரே வேளையாகச் சாப்பிடாமல் ஒன்றரை மணிக்கொரு முறை கொஞ்சம் கொஞ்சமாக. வாழையிலைப் பொட்டலமானாலும் இலையையும் திருப்பிக் கொண்டுவாருங்கள். ஆரஞ்சுத் தோலும் அந்தக் குளிரில் மாதக்கணக்கில் மக்காது.

குழந்தைகள், வயதானவர்கள், ஆஸ்துமா, விரதம்?

நடந்து பழகிய 8 வயதுக் குழந்தை விளிம்புவரை போகும். அதற்குக் கீழென்றால் ரோஸ்மோன் வரை போதும். குழந்தையை முதுகில் சுமந்துகொண்டு படியிறங்குவதை நாங்கள் ஆதரிப்பதில்லை. சுமப்பவரின் கால் தெரியாது, முதுகில் இருப்பது அசையாமல் குளிரில் விறைக்கும்.

முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் பெல்கோம்ப் பார்வைத்தளத்திலேயே நிற்கலாம், காட்சியில் குறையில்லை. இதய நோய்க்கு மருத்துவரைக் கேளுங்கள். 2,500 மீட்டரில் சிலருக்கு லேசான தலைவலி வரும், தண்ணீர் குடித்து மெதுவாகப் போனால் சரியாகும். ஆஸ்துமாக்காரர் இன்ஹேலரை முதுகுப்பையில் புதைக்காமல் சட்டைப்பையில் வைக்க வேண்டும். சீற்றம் நடக்கும் நாட்களில் கந்தக டையாக்சைடு காற்றோடு வரும். அன்று அவர்கள் மலைப்பக்கமே வரவேண்டாம்.

தைப்பூசக் காவடிக்கோ தீமிதிக்கோ விரதமிருப்பவர்கள் நடையை விரதம் முடித்த மறுவாரத்துக்குத் தள்ளிவையுங்கள். ஒருவேளைச் சாப்பாட்டோடு 6 மணி நேரம் குளிரில் நடப்பது வேறு கணக்கு.

வெந்நீர் ஊற்று, கொதிக்கும் சேற்றுக்குளம் எல்லாம் இருக்குமா?

இந்த நடையில் இருக்காது. விளிம்பின் சில இடங்களில் குளிர்ந்த காலையில் மெல்லிய நீராவி எழுவதைக் காணலாம், அவ்வளவுதான். இத்தனை சூடான மலையில் வெந்நீர் ஏன் இல்லை? பெய்யும் மழை நுண்துளைப் பாறையில் சல்லடையில் ஊற்றியதுபோல் இறங்கி ஆழத்துக்குப் போய்விடுகிறது. மேலே தேங்க வழியில்லை. மழைக்குப் பஞ்சமில்லை என்பதுதான் வேடிக்கை. பக்கத்திலுள்ள கொமெர்சோன் பள்ளத்தில் 2007 பிப்ரவரியில் ஒரு புயலின்போது 3 நாளில் 3,929 மில்லிமீட்டர் பெய்தது, உலகச் சாதனை. அத்தனையும் பாறை குடித்துவிடும் இடம் இது.

வெந்நீர் வேண்டுமென்றால் உறங்கும் பழைய எரிமலையான பித்தோன் தே நேழ் பக்கம் போக வேண்டும். 3,071 மீட்டர், தீவின் உச்சி. அதன் மடியிலுள்ள சிலாவோஸில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தெரிந்த ஊற்றுகள் உண்டு. நீர் 30 முதல் 40 டிகிரிக்குள், குளிக்கக் குளியலகமும் இருக்கிறது. நடை முடித்த மறுநாள் முழங்காலுக்கு ஏற்றது. ஆனால் நானூறு வளைவுகளுக்குப் பேர்போன சாலை, வாந்தி வருபவர்கள் மாத்திரையோடு போங்கள்.

குழம்புக் குகைகளுக்குள் போகலாமா?

தனியாகக் கூடாது. குழம்பாறு மேலே உறைந்து, உள்ளே ஓடிய குழம்பு வடிந்துபோனால் குழாய்போல் வெற்றிடம் மிஞ்சும். கடலோரத்தில் கிராண் புரூலேயில் அவற்றுக்குள் அழைத்துச்செல்லும் தகுதி பெற்ற வழிகாட்டிகள் இருக்கிறார்கள். அது தனி நடை, தனி நாள். தலைக்கவசம், நெற்றி விளக்கு, கையுறை, முழங்கால் கவசம் வேண்டும். ஆன்க்லோவில் நடக்கும்போது காலடியில் காலிப்பானையைத் தட்டியதுபோல் ஒலித்தால் கீழே குழாய் இருக்கிறது, கூரை மெல்லியதாக இருக்கலாம். குறியிட்ட பாதைக்கு வந்துவிடுங்கள்.

குழம்பு ஓடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். எப்படி?

அதைத் தேதி போட்டுத் திட்டமிட முடியாது. சில ஆண்டு 3, 4 முறை சீறும். 1992 முதல் 1998 வரை ஒருமுறைகூட இல்லை. சீறினால் ஆன்க்லோ மூடும், சுவரின் விளிம்பிலிருந்தோ கிராண் புரூலே நெடுஞ்சாலையிலிருந்தோ தொலைவில் நின்று பார்ப்பதுதான் வழி. அன்றிரவு பாதித் தீவும் காரெடுத்து வரும். ஜாந்தார்ம்கள் சாலையை முன்கூட்டியே நிறுத்துவார்கள், மீதியை நடக்க வேண்டியிருக்கும். மாலை 4 மணிக்கு முன் போய், இருட்டும்வரை காத்திருந்து, கூட்டம் கலைந்தபின் இறங்குங்கள். ஆளுக்கொரு நெற்றி விளக்கு, உபரி பேட்டரி, உங்களிடமுள்ள எல்லா உடையும் வேண்டும். காற்றில் மினுமினுக்கும் மெல்லிய பொன்னிழைகள் விழுந்தால் தொடாதீர்கள். நூலாய் நீண்ட எரிமலைக் கண்ணாடி அது, கண்ணில் போனால் தொல்லை.

கல் ஒன்று எடுத்துவரலாமா?

கூடாது. 2007 முதல் இது தேசியப் பூங்கா, 2010 முதல் யுனெஸ்கோ உலக மரபுரிமை. அனுமதியின்றி டிரோன் பறக்கவிடுவதும் குற்றம்.

இந்த எரிமலைக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு என்கிறார்களே?

உண்டு. இந்தத் தீவுக்கு அடியிலுள்ள அதே வெப்பப்புள்ளிதான், அதாவது பூமியின் ஆழத்திலிருந்து சூடு மேலேறும் இடம்தான், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தின் கருங்கற் படிகளைக் கொட்டியது. அப்போது இந்தியா இதன்மேல் இருந்தது. பிறகு நிலத்தட்டு வடக்கே நகர, புள்ளி இருந்த இடத்திலேயே நின்று வரிசையாக மேடுகளை எழுப்பியது: லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ், மொரிஷியஸ், கடைசியில் ரெயூனியன். மகாராஷ்டிரத்தின் அஜந்தா குடைவரைகள் வெட்டப்பட்ட பாறையும் நீங்கள் மிதிக்கும் பாறையும் ஒரே அடுப்பில் வெந்தவை.

வாடகைக் காரில் பெல்கோம்ப் வரை போகலாமா?

போகலாம். பூர்-முராவில் எரிபொருளை நிரப்புங்கள், மேலே பங்க் இல்லை. கடைசிச் சில கிலோமீட்டர், பிளேன் தே சாபிள் என்ற செம்மண்நிறக் கசடு வெளியைக் கடப்பது, தார் இல்லாத குண்டுகுழிப் பாதை. மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள், முன்வண்டியின் புழுதி அடங்கும்வரை இடைவெளி விடுங்கள். உபரிச் சக்கரம் இருக்கிறதா, அதில் காற்று இருக்கிறதா என்று கார் எடுக்கும்போதே பாருங்கள். சில புதிய கார்களில் சக்கரத்துக்குப் பதில் பசைப் புட்டிதான் இருக்கும். பக்கவாட்டில் கிழிந்த டயரை அது அடைக்காது. அப்படிப்பட்ட காரென்றால், பஞ்சரானால் வருபவர் பெல்கோம்ப் வரை வருவாரா என்பதை வாடகைக் கடையில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து வரும் உறவினருக்கு ஷெங்கன் விசா போதுமா?

போதாது. ரெயூனியன் பிரான்சின் பகுதி, ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. விசாவில் ரெயூனியனுக்குச் செல்லும் என்ற குறிப்பு இருக்க வேண்டும். டிக்கெட் எடுக்கும் முன் பிரெஞ்சுத் தூதரக விசாப் பக்கத்தில் அன்றைய விதியைப் பார்த்துவிடுங்கள்.